ஜான்சி ராணிப் படை: போர்க்கால நினைவுகளும் குடும்பங்களும்

ஜான்சி ராணிப் படை என்பது சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்று நடத்திய இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவு. 1943 முதல் 1945 வரை சிங்கப்பூர், மலாயா, பர்மா ஆகிய இடங்களில் செயல்பட்டது. இதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்களிலும் மிகுதியானோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். "தில்லி சலோ" (தில்லிக்குப் புறப்படுவோம்) என்ற முழக்கத்தை எழுப்பிக்கொண்டு பர்மாவரை போனார்கள். தில்லி வந்து சேரவில்லை. இப்படையினரும் அவர்கள் குடும்பத்தாரும் பாதுகாத்துச் சொல்லிவந்த நினைவுகளே இக்கட்டுரையின் பொருள்.

அவர்கள் வந்து சேராத தில்லியில் அவர்கள் படையின் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. தெற்கு தில்லியின் லக்ஷ்மிபாய் நகர் அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. படைக்குப் பெயர் தந்த அதே ஜான்சி ராணி லக்ஷ்மிபாயின் பெயர்தான் இந்த நகருக்கும். அக்கம்பக்கத்தில் நேதாஜி நகர், சரோஜினி நகர், கித்வாய் நகர். நடை தூரத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிறது. மாறுதலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த வட்டாரத்தில் வாழ்ந்து, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வருகின்றன. அந்த மூன்று எழுத்துகள் ஒரு ராணுவத்தின் பெயர் என்பதும், அதில் துப்பாக்கி தூக்கியவர்களில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள் என்பதும் கடைத்தெருப் பேச்சில் மறைந்துபோய்விட்டன.

உருவான விதம்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிப்ரவரி 17இல் ஃபாரர் பூங்காவில் இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் முதல் ஐ.என்.ஏ.வை அமைத்தார், ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கில் அது அந்த ஆண்டிலேயே கலைந்தது. ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் கிழக்கே வந்த போஸ் 1943 ஜூலை 2இல் சிங்கப்பூரை அடைந்து அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். பத்தே நாளில், ஜூலை 12 அன்று நடந்த பெண்கள் கூட்டத்தில், பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறிவித்தார். பொறுப்பேற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அப்போது அவருக்கு வயது 28. அக்டோபர் 21இல் போஸின் தற்காலிக அரசான ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில், ராணிகள் என்று அழைக்கப்பட்ட இப்படைப் பெண்களின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

மணமாகாத பெண்ணுக்குத் தந்தையும் மணமானவளுக்குக் கணவனும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நாட்டின் விடுதலைக்கு உயிர் கொடுக்கப் போகிறவள் முதலில் வீட்டில் அனுமதி வாங்கியாக வேண்டியிருந்தது. ராணிகளின் நினைவுகளில் பகைவரோடு நடந்த போராட்டத்துக்கு முன்னால் தந்தையோடு நடந்த போராட்டம் வருவதற்கு இதுவே காரணம்.

முகாமில் துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, இயந்திரத் துப்பாக்கி, வரைபடம் பார்த்தல், நீண்ட நடை ஆகியவற்றில் பயிற்சி தரப்பட்டது. கட்டளைகள் இந்துஸ்தானியில். தோட்டத்துப் பெண்கள் அதைக் காதால் கேட்டே பழகினார்கள். சேலையை விட்டுக் கால்சட்டைக்கும், பின்னலை விட்டுக் கத்தரித்த முடிக்கும் மாறினார்கள்.

ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டுப் போவது அந்தப் பெண்களின் வாழ்க்கையைப் பார்க்காமல் எழுதுவதாகும். மலேசியத் தமிழர் "ஜப்பான் காலம்" என்று இன்றும் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டில் ரப்பருக்கு விலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. ஜப்பானியர் வெளியிட்ட வாழைமரப் படம் போட்ட நோட்டுக்கு மதிப்பில்லை. சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். துரைக்கும் கங்காணிக்கும் குனிந்தே பழகிய, லயம் எனும் தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்ணை, மரியாதையோடு பெயர் சொல்லி அழைத்து, "இது உன் நாடு" என்று முதன்முதலாகச் சொன்னது இந்தப் படை. பசியும் பயமும் தன்மானமும் நாட்டுப்பற்றும் அவளுக்குள் தனித்தனியாக இருக்கவில்லை.

நினைவு சொன்னவர்கள்

கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், போஸின் கூட்டத்துக்குச் சைக்கிளில் போய் அங்கேயே காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர். மறுநாள் செய்தித்தாளில் வந்த படம் வீட்டாருக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. படையில் சேர வேண்டும் என்று அவர் சொன்னபோது எதிர்த்த தந்தையை, லட்சுமி நேரில் வீட்டுக்கு வந்து பேசிய பிறகே இணங்கவைக்க முடிந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்த ஜானகி பர்மாவில் படையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். போருக்குப் பின் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். பிறகு மலேசிய மேலவை உறுப்பினர். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தது. 2014இல் மறைந்தார்.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 1927இல் பிறந்த ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் தம் அக்காள் பொன்னம்மாவோடு சேர்ந்தார். பின்னாளில் ஆசிரியராகவும் பெண்ணுரிமைப் பணியாளராகவும் மலேசியாவில் பெயர் பெற்றார். இன்னொரு ராணியான அஞ்சலை பொன்னுசாமி 2022இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்த சரஸ்வதி ராஜாமணி, ஆண்வேடத்தில் ஒற்றர் வேலை பார்த்ததாகத் தம் நேர்காணல்களில் சொன்னார். அவர் கதையின் பெரும்பகுதி அவருடைய சொல்லையே ஆதாரமாகக் கொண்டது.

கேப்டன் லட்சுமி 1945இல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஐ.என்.ஏ. அதிகாரிகள்மீது பிரிட்டிஷார் நடத்திய முதல் செங்கோட்டை வழக்கில் விசாரிக்கப்பட்ட மூவருள் ஒருவரான பிரேம் குமார் சாகலை 1947இல் மணந்து, கான்பூரில் மருத்துவராக வாழ்ந்தார். 2012 ஜூலை 23இல் காலமானபோது அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது. தன்வரலாறும் எழுதியிருக்கிறார்.

பின்வாங்கல்

ராணிகளின் நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருவது 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனிலிருந்து தொடங்கிய நடை. பகலில் விமானங்களுக்குப் பயந்து மரநிழலில் ஒளிந்து, இரவில் சேற்றில் நடந்து, ஆறுகளைக் கடந்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாங்காக்கை அடைந்தார்கள். ஜானகி அந்த அணிக்குப் பொறுப்பு. பெண்கள் நடக்கும்போது தாம் வண்டியில் ஏற மாட்டேன் என்று போஸும் நடந்தார். காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளம். அந்த நடையில் உடன்வந்த எஸ். ஏ. ஐயர், ஆசாத் ஹிந்த் அரசின் பிரசார அமைச்சராக இருந்த பத்திரிகையாளர். 1951இல் வெளிவந்த தம் நூலில் இந்நாள்களை எழுதிவைத்தார். ராணிகள் வாய்மொழியாகச் சொன்னதற்கு ஓர் ஆணின் எழுத்துச் சாட்சி இந்த நிகழ்ச்சியில் நெருக்கமாக அமைந்திருக்கிறது.

இதே பின்வாங்கலில் வேறொரு குழு சென்ற ரயில் இரவில் கொரில்லாக்களால் தாக்கப்பட்டது. ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு ராணிகள் உயிரிழந்தனர். பெயரின் ஒரு பகுதி மட்டும் எஞ்சியிருக்கும் இந்த இருவரையும் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாதது நம் குறை.

நினைவும் ஆவணமும்

1945இல் பம்பாயில் "ஜெய் ஹிந்த்" என்ற பெயரில், ராணிப் படைப் பெண் ஒருத்தியின் நாட்குறிப்பு என்று ஒரு நூல் வெளியாகிப் பரபரப்பாக விற்றது. அதை எழுதியவர் பத்திரிகையாளர் அம்ருத்லால் சேத். உண்மையான ராணிகள் தம் கதையைச் சொல்லும் முன்பே அவர்களுக்காக ஒருவர் கற்பனையாக நினைவுகூர்ந்து முடித்துவிட்டார். அதிலுள்ள போர்க்களக் காட்சிகள் வரலாறு என்றே பலரால் எடுத்தாளப்பட்டன.

உயிரோடிருந்த ராணிகளைப் பல நாடுகளில் தேடிச் சென்று பேட்டி கண்ட வேரா ஹில்டப்ராண்ட் 2016இல் வெளியிட்ட நூல் இக்கதைகளைச் சலித்துப் பார்க்கிறது. ஆயிரத்துக்கும் மேல் என்று சொல்லப்பட்ட படையின் பலம் ஏறக்குறைய 450தான் என்பது அவர் கணிப்பு. ராணிகளுக்கு முன்னணிப் போரில் இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் அவர் நிறுவுகிறார். ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் இம்பாலில் தோற்ற பின் அவர்களுக்குக் கிடைத்த வேலை காயம்பட்டவர்களைப் பார்ப்பது. இதனால் அவர்கள் பெருமை குறையாது. குண்டுவீச்சுக்கு நடுவே கால் அழுகிய சிப்பாய்க்குக் கட்டுப்போட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பொய்யான போர்க்களம் எதுவும் தேவையில்லை.

அந்தக் குண்டுகளில் ஒரு பகுதியை வீசியவை அமெரிக்க விமானங்கள். அமெரிக்காவின் பத்தாம் விமானப்படைக்கு 1942இல் புது தில்லியே தலைமையிடம். கரக்பூரிலிருந்து கிளம்பிய பி-29கள் ரங்கூனைத் தாக்கின. இந்த விமானிகளின் தலைமுறைக்கு என்ன வாய்த்தது என்று பார்க்க வேண்டும். 2000இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, முன்னாள் படையினரின் நினைவுகளைத் திரட்டும் பணியை காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைத்தது. தளபதி, சமையல்காரர், தாதி என்று வேறுபாடில்லை. பேரனோ அண்டைவீட்டுக்காரரோ முப்பது நிமிடத்துக்குக் குறையாமல் பதிவுசெய்து அனுப்பினால் போதும். போரில் இறந்தவரின் தாயும் மனைவியும்கூடப் பேசலாம். இன்று அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. மேலே பறந்தவரின் குரல் கிடைக்கிறது. கீழே பதுங்குகுழியில் இருந்த தமிழ்ப் பெண்ணின் குரல் அரிதாகவே கிடைக்கிறது.

குடும்பங்களில் எஞ்சியது

சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்ட ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, திரும்பிவந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பல குடும்பங்கள் அச்சத்தில் சீருடையையும் படங்களையும் அழித்தன. தோட்டத்துப் பெண்கள் மறுபடியும் பால்வாளி எடுத்தார்கள், மணமுடித்தார்கள், பேசாமல் இருந்தார்கள். இந்தியாவிலும் ஐ.என்.ஏ. சிப்பாய்கள் விடுதலைக்குப் பின் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. 1972இல் தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் அவர்களையும் ஏற்றது. அதற்காக எழுதிய மனுவும் சான்றிதழும்தான் பல வீடுகளில் தாத்தாவின் ஒரே போர் ஆவணம்.

தமிழ் இலக்கியத்தில் இந்தக் காலத்தை ப. சிங்காரம் எழுதினார். மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்து திரும்பிய அவருடைய "கடலுக்கு அப்பால்" (1959), "புயலிலே ஒரு தோணி" (1972) இரண்டுமே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழ் இளைஞர்களைப் பற்றியவை. ராணிகளைப் பற்றி இதற்கு ஈடான நாவல் வரவில்லை.

எங்கே தேடுவது

தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் 990 ஐ.என்.ஏ. கோப்புகளை அளித்தது. செங்கோட்டையில் 2019 ஜனவரி 23இல் நேதாஜிக்கும் ஐ.என்.ஏ.வுக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து இரண்டுமே ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். கொல்கத்தாவின் நேதாஜி ஆய்வு மையம், மணிப்பூரின் மொய்ராங் நினைவகம், ஜப்பான் கால நினைவுகளை 1980களிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று மையம் ஆகியவையும் பயன்படும்.

காப்பகங்களில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். தோட்டத்துப் பெண்ணின் பெயர் அவள் வீட்டில்தான் இருக்கிறது. அன்று பதினாறு வயதில் சேர்ந்தவர்கள் இன்றிருந்தால் நூறை நெருங்குவார்கள். அவர்கள் வாயால் கதை கேட்ட மகனும் மகளுமே முதுமையில் இருக்கிறார்கள். தாயோ பாட்டியோ "நேதாஜி பட்டாளத்தில் இருந்தேன்" என்று ஒருமுறையேனும் சொல்லியிருந்தால், கேட்டவரை உட்காரவைத்துக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.