செராடோ: தீயோடு வாழும் மரங்கள்

பிரேசிலின் நடுப்பகுதியில் புல்லும் குறுமரங்களும் கலந்து பரந்துகிடக்கும் செராடோ நிலத்தை, 1863 முதல் 1866 வரை அங்குள்ள லகோவா சான்டாவில் தொல்லுயிர் ஆய்வாளர் லுண்டின் உதவியாளராக இருந்த டென்மார்க்குத் தாவரவியலாளர் யூஜின் வார்மிங் நுணுகி ஆராய்ந்து, 1892இல் வெளியிட்ட நூலில், அம்மரங்களின் கோணல் வடிவில் வறட்சியோடு தீயின் பங்கையும் விவாதித்தார். இம்மரங்களின் தக்கை போன்ற தடித்த பட்டை, தண்டைப் பருக்கச் செய்யும் உயிருள்ள மெல்லிய அடுக்கான வளர்படையை வெப்பத்திலிருந்து காக்கிறது. தரைக்குமேல் அனைத்தும் கருகினாலும், சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண் பெரிதும் சூடேறாததால், சைலோப்போடியம் எனப்படும் கட்டைபோன்ற நிலத்தடி உறுப்பின் மொட்டுகள், நிலத்தடியில் சேமித்த உணவுப்பொருளைக்கொண்டு மழைக்கு முன்பே தளிர்த்துவிடுகின்றன. அன்டிரா என்னும் தாவரப் பேரினத்தின் சில இனங்களில் கிளைகளே மண்ணுக்குள் படர்வதால், செடிக்கூட்டமாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒரே மரமாக இருக்கும்.

வேட்டைக்காகத் தீமூட்டிய ஷவாந்தே பழங்குடியினர் இந்நிலத்தின் இயல்பை நன்கறிந்திருந்தனர். காப்பகங்களில் தீயை முற்றாக விலக்கிய அதிகாரிகளோ, சேர்ந்த காய்ந்த புல் வறண்ட பருவத்தின் இறுதியில் கட்டுக்கடங்காமல் எரிவதைக் கண்ட பின்னரே, 2014 அளவில் கட்டுப்படுத்திய எரிப்பை முயன்று பார்த்தனர். மிகவும் தாமதமாக, 2024இல்தான் அதற்குத் தேசியச் சட்டம் வந்தது.