பருத்தி கற்பிக்க வந்தவர்கள்: தமிழகத்தில் அமெரிக்கப் பண்ணையாளர்கள் (1840–1853)

முன்னுரை

1840ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களைச் சேர்ந்த பருத்திப் பண்ணையாளர் பத்துப் பேர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களாக இந்தியாவுக்கு வந்தனர். அவர்களைத் தேடி ஒப்பந்தம் செய்து அழைத்து வந்தவர் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் பேல்ஸ். நால்வர் வங்காள மாகாணத்துக்கும், மும்மூவர் பம்பாய், சென்னை மாகாணங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். நியூ ஆர்லியன்ஸ் விதையும், கலப்பைகளும், ரம்பப்பல் ஜின் பொறிகளும் அவர்களுடன் வந்தன. இந்திய உழவருக்குப் பருத்தி விளைவிக்கவும் அதனைத் தூய்மைப்படுத்தவும் கற்பிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி.

வேளாண்மை வரலாற்று நூல்களில் இம்முயற்சி பெரும்பாலும் தோல்வி என்ற ஒரே சொல்லில் கடந்து செல்லப்படுகிறது. அது தோல்விதான். எனினும் எதில் தோற்றது என்பது தனியே ஆராயத்தக்கது. கற்பிக்க வந்தவர்களுள் சிலரே, தாங்கள் கொண்டுவந்த கல்வி இங்குத் தேவைப்பட்டதன்று என்ற முடிவுக்கு வந்து, அதனைக் கம்பெனிக்கே தெரிவித்தனர்.

அழைப்பின் பின்னணி

அயல்நாட்டு வல்லுநரை வரவழைப்பது கம்பெனிக்குப் புதிதன்று. 1813இல் பெர்னார்ட் மெட்காஃப் என்னும் அமெரிக்கர், ஜின் பொறியைப் பயன்படுத்தக் காட்டுவதற்காகத் திருநெல்வேலிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவர் காட்டிய பொறி இங்கு நிலைக்கவில்லை. 1839–40இல் அதே எண்ணம் பெரிய அளவில் மீண்டெழுந்ததற்குக் காரணம் லங்காஷயர். அங்குள்ள ஆலைகள் தமக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதிக்கு ஒரே நாட்டை நம்பியிருந்தன. அந்நாட்டுப் பஞ்சு அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1839இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பிரித்தானிய இந்தியச் சங்கத்தார், இந்தியப் பருத்தி செழித்தால் அமெரிக்க அடிமை முறை தானே நலிவுறும் என்று மேடைகளில் வாதிட்டனர். அப்பருத்தியைச் செழிக்கச் செய்யக் கம்பெனி தேர்ந்தெடுத்தவர்களோ அந்த அடிமைத் தோட்டங்களில் தொழில் பயின்றவர்கள். இம்முரண் அக்காலத்தில் எவரையும் பெரிதாக உறுத்தியதாகத் தோன்றவில்லை.

இதனை அறம் பற்றிய கேள்வியாக மட்டும் கருதுதல் போதாது. தென் மாநிலப் பண்ணையாளரின் தொழிலறிவு என்பது விதையும் கலப்பையும் மட்டுமன்று. ஒரே பயிருக்கு ஒதுக்கப்பட்ட பரந்த நிலம், எந்நேரமும் கட்டளைக்குக் காத்திருக்கும் ஆட்கள், தரம் பார்த்து விலை கொடுக்கும் துறைமுக வணிகர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வறிவு. தமிழகத்தில் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லை. இங்குப் பருத்தி, கிஸ்தி கட்டவேண்டிய சிறு உழவரின் நிலத்தில், பெரும்பாலும் தானியப் பயிரோடு கலந்து விதைக்கப்பட்டது. மழை பொய்த்தால் இரண்டில் ஒன்றாவது மிஞ்சவேண்டும் என்பது உழவரின் கணக்கு. அயலார் கண்ணுக்கு அது ஒழுங்கற்ற வேளாண்மையாகத் தெரிந்தது.

கோயம்புத்தூர்ப் பண்ணையும் இராபர்ட் வைட்டும்

சென்னை மாகாணத்து முயற்சியின் பொறுப்பு 1842இல் இராபர்ட் வைட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1819இல் இந்தியா வந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியலாளராகவே இன்று அறியப்படுகிறார். அரசின் இயற்கை ஆய்வாளராக 1826இல் அவருக்குக் கிடைத்த பதவி 1828இல் ஒழிக்கப்பட்டது. அவர் மீண்டும் படை மருத்துவராகி நாகப்பட்டினம் சென்றார். 1836 முதல் வருவாய்த் துறையின் கீழ்ப் பருத்தி, புகையிலை முதலிய பயிர்களை ஆராயும் பணி வாய்த்தது. அயல்நாட்டில் அறிவியல் தொழிலர் ஒருவரின் வாழ்க்கை, ஆளுநர் மாறும்போது தானும் மாறும் நிலையில் இருந்தமைக்கு வைட்டின் பணிக்குறிப்பே போதிய சான்று.

கோயம்புத்தூரில் 1853 வரை அவர் பருத்திப் பண்ணைகளை நடத்தினார். அக்காலத்திலேயே, ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் படங்களைக் கொண்டு தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய தம் பெருந்தொகுதியின் ஆறு மடலங்களையும் முடித்தார். 2101 படத்தகடுகள் அதில் உள்ளன. பருத்திக்காகக் கொடுக்கப்பட்ட ஊதியம் தாவரவியலுக்குப் பயன்பட்டது என்று கூறின் மிகையாகாது.

பண்ணையில் எழுந்த முதன்மையான சிக்கல் பருவம் பற்றியது. மிசிசிப்பிப் பகுதியில் இளவேனிலில் விதைக்கப்படும் பருத்தி, கோடை முழுதும் இடைவிட்டுப் பெய்யும் மழையில் வளரும். கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் வடகிழக்குப் பருவமழை ஓரிரு மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். அதன்பின் நீண்ட வறட்சி. உள்நாட்டு உப்பம், நாடம் பருத்திகள் கரிசலிலும் செம்மண்ணிலும் இவ்வறட்சியைத் தாங்கிப் பழகியவை. மானாவாரியாக விதைக்கப்பட்ட நியூ ஆர்லியன்ஸ் செடியோ காய் முற்றும் முன்பே நீரின்றி வாடியது. இரு பருவமழைகளும் ஓரளவு எட்டும் தார்வாரில் மட்டும் அமெரிக்கப் பருத்தி வேரூன்றி, பின்னர்ப் பல்லாயிரம் ஏக்கரில் பரவியது. கற்பித்தவர் திறமையைக் காட்டிலும் மழையின் பங்கீடே அங்கு வெற்றிக்குக் காரணமாயிற்று.

திருநெல்வேலியும் ஜின் பொறியும்

வட இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஃபின்னி என்பவர், அங்குப் பயன் விளையாமையால் 1845 அளவில் திருநெல்வேலிக்கு மாற்றப்பட்டார். இங்கு அவர் கவனம் சாகுபடியிலிருந்து விலகி, பஞ்சைத் தூய்மைப்படுத்துதல், கட்டுதல், விற்றல் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. ஜின் பொறி எதிர்பார்த்தபடி உதவவில்லை. அமெரிக்கப் பருத்திக்கென அமைந்த ரம்பப்பற்கள் உள்நாட்டுப் பருத்தியின் குட்டை இழையை அறுத்தன. பெண்கள் வீட்டுத் திண்ணையில் கையால் சுற்றிய உருளை மணை மெதுவானதே. ஆயினும் இழைக்கு ஊறு செய்யாது. பொறி பழுதானால் செப்பனிட ஆளும் இல்லை.

வணிகமே உண்மையான முட்டுக்கட்டையாக இருந்தது. உழவர் விதைக்கும்போதே வணிகரிடம் முன்பணம் பெற்று, விளைச்சலை முன்கூட்டியே பேசிய விலைக்கு ஒப்படைத்தனர். தூய பஞ்சுக்கும், கொட்டையும் சருகும் மண்ணும் கலந்த பஞ்சுக்கும் அவர்கள் கையில் ஏறத்தாழ ஒரே விலைதான் கிடைத்தது. எனவே தூய்மைக்காகக் கூடுதலாக உழைப்பது அவர்களுக்கு நட்டம். இங்கிலாந்தில் இந்தியப் பஞ்சு அழுக்கானது என்று எழுந்த பழி, உழவரின் அறியாமையால் விளைந்ததன்று, அவ்விலைமுறையின் விளைவு. இதனைத் திருத்த ஒரு பண்ணையாளரின் மாதிரி வயல் எவ்வகையிலும் உதவாது.

ஃபின்னியுடன் வடக்கில் பணியாற்றித் தார்வாருக்கு மாற்றப்பட்ட மெர்சர் இன்னும் வெளிப்படையாக எழுதினார். சோதனைப் பண்ணைகள் அரசுக்கு வீண்செலவு, அமெரிக்க முறை இந்தியாவுக்குப் பொருந்தாது, தட்பவெப்பமும் மண்ணும் அறிந்த உள்நாட்டு உழவர் எந்த ஐரோப்பியரைக் காட்டிலும் சிறப்பாகவும் குறைந்த செலவிலும் பயிரிட வல்லவர், ஆதலின் பண்ணைகளை மூடிவிடலாம் என்பது அவர் விண்ணப்பத்தின் சாரம். தம் பதவிக்கான காரணத்தையே மறுத்து ஊதியம் பெறும் ஒருவர் எழுதிய இவ்விண்ணப்பம், பணியேற்றபோது அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட எந்த அறிக்கையையும்விட மதிப்புடையது. வேளாண் வேதியியலாளர் வோல்கர் 1893இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை இந்திய உழவரின் திறமையை ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே அது எழுதப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது

ஃபின்னி 1849இல் திருநெல்வேலியை விட்டு நீங்கினார். 1853இல் வைட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியதோடு கோயம்புத்தூர் முயற்சியும் முற்றுப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி தமிழகத்துக்கு வந்தது. பெயர் கம்போடியா எனினும், அது பண்ணையாளர் கொண்டுவந்த அதே அமெரிக்க இனத்தைச் சார்ந்தது. இம்முறை அது மானாவாரி நிலத்தில் விதைக்கப்படவில்லை. கொங்கு நாட்டு உழவர் தம் செலவில் வெட்டிய கிணறுகளிலிருந்து கவலை இறைத்து, தோட்டப் பயிராக அதனை வளர்த்தனர். 1888இல் நிறுவப்பட்ட ஸ்டேன்ஸ் ஆலையைத் தொடர்ந்து கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியிருந்தன. நீண்ட இழைக்குக் கூடுதல் விலை தரும் கொள்வோர் உள்ளூரிலேயே கிடைத்தனர். அப்பருத்தி சில ஆண்டுகளிலேயே மாவட்டத்தின் முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்றாயிற்று.