குழந்தைக்கு ஆர்கானிக் சாப்பாடு... பட்ஜெட் தாங்குமா? எதை முதலில் வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

ஒரே கேழ்வரகுதான். மளிகைக் கடையில் ஒரு விலை, ஆர்கானிக் ஷாப்பில் இன்னொரு விலை, மொபைல் ஆப்பில் அழகான பிரவுன் கவரில் மூன்றாவது விலை. வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை இருந்தால், 'பிள்ளைக்கு வாங்குறதுல போய் கணக்கு பார்க்கலாமா?' என்று மனசு மூன்றாவது கவர் பக்கமே போகும். மாசக் கடைசியில்தான் கணக்கு இடிக்கும்.

இதில் பெரிய ஆபத்து செலவு மட்டுமில்லை. 'வாங்கினா ஆர்கானிக் பழம்தான்' என்று முடிவெடுத்து, தினமும் பழம் சாப்பிட்ட குழந்தைக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் பழம் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அது லாபமில்லை, நஷ்டம். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர்கள் அமைப்பு 2012-ல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொன்னது. ஆர்கானிக் உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு. ஆனால், வைட்டமின், தாதுச்சத்துகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த முறையில் விளைந்ததாக இருந்தாலும், குழந்தை பலவகைக் காய், பழங்களைச் சாப்பிடுவதுதான் முக்கியம்.

ஆக, வீட்டுக்கு வரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆர்கானிக்காக மாற்ற வேண்டிய அவசியமில்லை. இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது என்று தெரிந்தால் போதும்.

முதலில் குழந்தையின் பங்கைக் கணக்குப் போடுங்க

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரிசி, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 60 கிராம், பருப்பு 30 கிராம் என்று இருக்கிறது. மாசத்துக்குப் பார்த்தால் தானியம் 1.8 கிலோ, பருப்பு 900 கிராம். அவ்வளவுதான்!

நாலு பேர் இருக்கும் வீட்டில் 25 கிலோ மூட்டை அரிசியை அப்படியே ஆர்கானிக்காக மாற்றுவது பெரிய செலவு. குழந்தையின் கஞ்சி, சாதம், கூழுக்கான ரெண்டு கிலோவை மட்டும் மாற்றுவது எளிது. குக்கரில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்தாலே வேலை முடிந்தது. குழந்தை வளர வளர, வருமானமும் கூடக் கூட, மற்றதை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

எதற்கு முன்னுரிமை?

பூச்சிக்கொல்லிகளில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, காயின் மேலேயே படிந்திருப்பது. கழுவினால் பெரும்பகுதி போகும். இன்னொன்று, செடிக்குள் ஊடுருவி காய்க்குள்ளேயே போய்விடுவது. இதை எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது. அதனால், அடிக்கடி மருந்து தெளித்து வளர்க்கிற, தோலோடு அப்படியே சாப்பிடுகிற பொருள்களுக்குத்தான் ஆர்கானிக் பணம் முதலில் போக வேண்டும்.

*முதல் வரிசை:* கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், வெண்டைக்காய், கத்திரிக்காய், காலிஃபிளவர், திராட்சை. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையையும் வெண்டைக்காயையும் ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் பரிசோதனைப் பட்டியலில் வைத்ததற்குக் காரணமே பூச்சிக்கொல்லி எச்சம்தான். இதில் பாதிப் பொருள்களை வீட்டிலேயே வளர்க்கலாம் என்பது நல்ல சேதி.

*இரண்டாவது வரிசை:* குழந்தை தினமும் சாப்பிடும் அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை.

*கடைசி வரிசை:* தோலை உரித்துவிட்டுச் சாப்பிடும் வாழைப்பழம், பப்பாளி, மாதுளை, தேங்காய், பூசணி, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு. இவற்றைச் சாதாரணக் கடையில் தாராளமாக வாங்கலாம். வீட்டு வாசல் முருங்கைக்கீரை, பக்கத்துத் தோட்டத்துக் கொய்யா, பப்பாளி கிடைத்தால் விடாதீங்க. அதற்கு எந்த லேபிளும் தேவையில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

'நேச்சுரல்', 'ஃபார்ம் ஃபிரெஷ்', 'நாட்டு', 'பாரம்பர்யம்' என்ற வார்த்தைகள் எதுவும் ஆர்கானிக் என்று அர்த்தம் தராது. மரச்செக்கு என்பது எண்ணெய் ஆட்டும் முறை. எள்ளும் கடலையும் ரசாயனம் போட்டு விளைந்ததாகவும் இருக்கலாம். மாப்பிள்ளைச் சம்பா என்பது நெல் ரகம். அதற்கும் யூரியா போட முடியும். முட்டை ஓடு பழுப்பாக இருப்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது; நிறத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

அப்போ எதைப் பார்ப்பது?

2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) கொண்டுவந்த விதிகளின்படி, ஆர்கானிக் என்று பாக்கெட் போட்டு விற்க சான்றிதழ் வேண்டும். பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' என்ற பச்சை நிற லோகோ இருக்கிறதா என்று பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் கவனம்: உரிம எண் எல்லா உணவு பாக்கெட்டிலும் இருக்கும். அது மட்டும் இருந்தால் ஆர்கானிக் ஆகிவிடாது.

சான்றிதழில் ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, தனி நிறுவனம் வந்து சோதித்துத் தரும் 'என்.பி.ஓ.பி'. ஏற்றுமதிக்கும் செல்லும், செலவும் அதிகம். தமிழக அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்தச் சான்றை வழங்குகிறது. இன்னொன்று 'பி.ஜி.எஸ்-இந்தியா'. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை இன்னொருவர் பார்த்து உறுதிசெய்யும் முறை. விவசாயிக்குச் செலவு குறைவு என்பதால், நமக்கும் விலை குறைய வாய்ப்பு அதிகம். ரெண்டுமே அரசு ஏற்றுக்கொண்டவைதான்.

பட்ஜெட்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு லோகோ, 'பி.ஜி.எஸ்-கிரீன்'. ரசாயனத்தை நிறுத்திவிட்டு, இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலம் என்று பொருள். முழுச் சான்று கிடைக்க ரெண்டு, மூன்று வருஷம் ஆகும். அதுவரை அந்த விவசாயிக்கு முழு ஆர்கானிக் விலை கிடைக்காது. இவர்களிடம் வாங்கினால் நமக்கும் கட்டுப்படியாகும், அவரும் பாதியில் விட்டுவிடாமல் தொடர்வார்.

சான்றிதழே இல்லாத விவசாயியை நம்பலாமா?

நம்பலாம், விசாரித்துவிட்டு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சிறு விவசாயி, நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால், ஜைவிக் பாரத் லோகோவை அவர் பயன்படுத்த முடியாது. பாக்கெட்டில் கிடைக்காத விலை இங்கேதான் கிடைக்கும்.

சும்மா 'இது ஆர்கானிக்கா?' என்று கேட்டால் யாரும் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்க:

● 'பூச்சி வந்தா என்னண்ணே அடிப்பீங்க?' உண்மையான இயற்கை விவசாயி வேப்பங்கொட்டைக் கரைசல், அக்னி அஸ்திரம், மூலிகைப் பூச்சிவிரட்டி, விளக்குப் பொறி என்று தயங்காமல் விளக்குவார்.

● 'உரத்துக்கு என்ன போடுறீங்க?' பஞ்சகவ்யா, அமிர்தக்கரைசல், மண்புழு உரம், பலதானிய விதைப்பு என்று பதில் வர வேண்டும்.

● 'பக்கத்து வயல்ல மருந்து அடிச்சா உங்களுக்கு வராதா?' வரப்பு உயர்த்தியது, வேலிப்பயிர் வைத்தது எல்லாம் இதில் தெரிந்துவிடும்.

● 'ஒரு நாள் குழந்தையோட தோட்டத்துக்கு வரலாமா?' இதற்கு வரும் பதிலே பாதிச் சான்றிதழ்!

வருஷம் முழுக்க எல்லாக் காயும், ஒரே அளவில், ஒரு புள்ளிகூட இல்லாமல் கொடுப்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே விசாரியுங்கள். ஆனால், பூச்சி அரித்த காய் எல்லாம் ஆர்கானிக் என்றும் நினைத்துவிடக் கூடாது. மருந்து அடித்த தோட்டத்திலும் பூச்சி வரும்.

விலை குறைய ஐந்து வழிகள்

1. மாவாக வேண்டாம், தானியமாக வாங்குங்க. 200 கிராம் சத்துமாவு பாக்கெட் 90 ரூபாய் என்றால், கிலோ 450 ரூபாய் என்று அர்த்தம். எப்போதும் கிலோ விலைக்கு மாற்றிப் பாருங்கள். முழுக் கேழ்வரகை வாங்கி, ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து மில்லில் அரைத்தால் செலவு நன்றாகக் குறையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மில்லில் மிளகாய் அரைத்த மெஷினில் போடாமல் இருக்கச் சொல்லிவிடுங்கள்.

2. அறுவடை நேரத்தில் வாங்குங்க. சம்பா நெல் தை, மாசியில் வரும். டெல்டாவில் நெல்லுக்குப் பின் விதைக்கும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வரும். ஈரோட்டு மஞ்சளுக்குத் தையிலிருந்து பங்குனி வரை சீசன். விவசாயிக்கு அப்போது பணத் தேவையும் இருக்கும். நேரடியாக வாங்கினால் ரெண்டு பேருக்கும் நல்லது.

3. கூட்டுச் சேருங்க. அப்பார்ட்மென்ட்டில், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியைப் பிரித்துக்கொள்ளலாம். லாரி வாடகை, பாக்கெட், கடை வாடகை எல்லாம் விலையிலிருந்து கழன்றுவிடும். தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். ரெண்டு, மூன்று மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடிவையுங்கள்.

4. இடைத்தரகர் இல்லாத இடத்துக்குப் போங்க. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அங்கே எல்லாமே இயற்கை விளைபொருள் இல்லை. ஆனால், விற்பவர் விவசாயி என்பதால் மேலே சொன்ன கேள்விகளை நேராகக் கேட்க முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கடைகள், வார இறுதி இயற்கைச் சந்தைகள், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா போன்ற இடங்களில் விவசாயிகளின் அறிமுகம் கிடைக்கும். ஒருமுறை நம்பர் வாங்கிவிட்டால், வருஷக்கணக்கில் தொடரும் உறவு அது.

5. நாலு தொட்டி வையுங்க. கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெந்தயக்கீரை போதும். பால்கனியில் தினமும் சில மணி நேரம் வெயில் வந்தால் வளரும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டப் பொருள்களை மானியத்தில் வழங்கும் திட்டங்களை அறிவிப்பதுண்டு. உங்கள் வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள். தான் தண்ணீர் ஊற்றிய கீரையைக் குழந்தை தட்டில் ஒதுக்குவதும் குறையும்.

சாதாரணக் காயை எப்படிக் கழுவுவது?

ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கல் உப்பு போட்டு, அதில் காய்களை 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் ரெண்டு, மூன்று முறை அலசுங்கள். புளித்தண்ணீரும் பயன்படும். வெட்டியபின் கழுவக் கூடாது, சத்து போய்விடும். காலிஃபிளவரை மட்டும் பூக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸின் மேல் இலைகளை எடுத்துவிடுங்கள். சோப்பு, டிடர்ஜென்ட் வேண்டவே வேண்டாம்.

ஆர்கானிக்காக இருந்தாலும் இவை கூடாது

● ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. மலைத்தேன், கொம்புத்தேன் எதுவானாலும் சரி. அதில் இருக்கக்கூடிய கிருமி, நரம்புகளைப் பாதிக்கும் 'பாட்டுலிசம்' நோயை உண்டாக்கலாம்.

● நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் சர்க்கரைதான். ரெண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

● பண்ணையிலிருந்து நேராக வரும் பாலையும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

● பூஞ்சை பிடித்த, கசக்கும் வேர்க்கடலையை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

● முழுக் கடலை, முழுத் திராட்சை சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும். கடலையை அரைத்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுங்கள்.

இந்த மாசம் எங்கே ஆரம்பிக்கலாம்?

ரெண்டு கிலோ அரிசியும் கேழ்வரகும், ஒரு கிலோ பாசிப்பருப்பும் துவரம்பருப்பும் கலந்து. இவற்றை மட்டும் இயற்கை விளைபொருளாக வாங்குங்கள். பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு புதினாத் தொட்டி. மிச்சக் காய், பழமெல்லாம் வழக்கமான கடையிலேயே வாங்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக்கொள்ளுங்கள். அடுத்த மாசம் கையில் கொஞ்சம் மிஞ்சினால் வெண்டைக்காய், கத்திரிக்காய். மிஞ்சவில்லையா, பரவாயில்லை. குழந்தையின் தட்டில் இன்றைக்கு ஒரு காய், ஒரு கீரை, ஒரு பழம் இருக்கட்டும். அதில் மட்டும் குறை வைக்காதீங்க.