நிலவுப் பயணத்தின் பின்னறைக் குரல்கள்

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து பேசியதை உலகமே கேட்டது. ஆனால் அதற்குச் சற்று முன், கலம் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அஞ்ச வேண்டாம், இறங்கலாம் என்று சொன்னவர் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தின் பின்னறையில் இருந்த 24 வயது ஜாக் கார்மன். இத்தகையோர் தமக்குள் பேசிக்கொண்டவையும் காந்த நாடாக்களில் பதிவாயின. ஒரு நாடாவில் 30 தடங்கள். ஓடும் நேரம் சுமார் 14 மணி.

நாடாவில் ஒலி தங்கும் விதம் நீங்கள் அறிந்ததே. அதன் மேல் பூசிய துகள்கள் ஒலிக்கேற்பக் காந்தமடைகின்றன. நாடா 'ஹெட்'டை உரசி ஓடும்போது, மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே கண்ட விதிதான். தடத்தின் மேல் ஹெட் பொருந்தாவிட்டால் ஒலி இல்லை.

சிக்கல் இங்கேதான். இந்த நாடாக்களை ஓட்ட எஞ்சியிருந்தது சவுண்ட்ஸ்கிரைபர் என்னும் 1960களின் கருவி. அது ஒரு நேரத்தில் ஒரு தடத்தையே படிக்கும். அடுத்த தடத்துக்குக் கையால் திருக வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே நாடாவுக்கு 420 மணி, அதாவது இராப்பகலாகப் பதினேழரை நாள்! டல்லஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹான்சென் குழுவினர் 30 தடங்களையும் ஒருங்கே படிக்கும் ஹெட்டை வடிவமைத்தனர். 19,000 மணி நேர ஒலி எண்வடிவுக்கு மாறியது. குரல்களைக் காத்தது இந்த ஹெட்தான் என்பேன். செயற்கை நுண்ணறிவின் முறை அதன் பின்னரே வருகிறது.

ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டாலும் இதை முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே யார், எப்போது, என்ன பேசினார் என்று பிரித்தறியக் கணிப்பொறியைப் பழக்கினர். அது எளிதாக இல்லை. இரைச்சல், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு, போதாதற்கு நாசாவின் எண்ணற்ற சுருக்கப் பெயர்கள்! விண்வெளித் துறை எழுத்துகளிலிருந்து சொற்களை எடுத்து ஊட்ட வேண்டியிருந்தது.

இரைச்சலை நீக்கும் நிரல்களிடம் ஓர் அபாயமும் உண்டு. தேய்ந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து அவை நிரப்பிவிடக்கூடும். அக்கட்டுப்பாட்டறையில் 'கோ' என்றால் தொடரலாம். 'நோ கோ' என்றால் கூடாது. இடையிலிருப்பது ஓர் அசை. எனவே ஹெட் தந்த மூலப் பதிவை அதன் இரைச்சலோடு தொடாமல் வைத்து, துப்புரவு செய்ததைத் தனிப் படியாக வைப்பதே முறை.

1970இல் நடுவழியில் வெடிப்புக்கு உள்ளான அப்போலோ 13இன் நாடாக்களுள் பெரும்பகுதியையும் இக்குழுவினர் இவ்வாறே மாற்றியுள்ளனர்.