படவுருக்கள்: வெக்டரும் பிட்மேப்பும்

கணினித் திரையில் நிரல், கோப்பு முதலியவற்றைக் குறிக்கும் சிறு படம் படவுரு. பிட்மேப் வகை ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சேமிக்கிறது. பெருப்பித்தால் விளிம்பு கரடுமுரடாகும். ஆகவே விண்டோசின் ஐ.சி.ஓ. கோப்பு 16, 32, 48, 256 புள்ளி அளவுகளைத் தனித்தனியே சுமக்கிறது. கோடு, வளைவுகளின் கணக்கை வைத்திருக்கும் வெக்டர் எந்த அளவிலும் கூர்மை குன்றாது, 2001இல் எஸ்.வி.ஜி. அதற்குப் பொதுத் தரமானது. ஆனாலும் 16 புள்ளிச் சதுரத்தில், கையால் திருத்திய பிட்மேப்பின் தெளிவை அது எளிதில் எட்டுவதில்லை.

வெக்டர் படத்தை இணையத்தள வழங்கியிலிருந்து அப்படியே அனுப்புவதில் வேறு கவலைகள் உண்டு. எஸ்.வி.ஜி.க்குள் தீய நிரல் ஒளிந்திருக்கலாம். உலாவிக்கு உலாவி தோற்றமும் மாறலாம். எனவே, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட விக்கிமீடியாத் தளங்கள் வெக்டர் மூலத்தைக் காத்து, வழங்கியிலேயே பி.என்.ஜி. என்னும் பிட்மேப் ஆக்கி அனுப்புகின்றன. கட்டுரையைத் திறப்பவர் பெரும்பாலும் காண்பது அந்தப் பிட்மேப்பையே. மூலம் வேண்டுமானால் படத்தின் கோப்புப் பக்கத்தில் தரவிறக்கலாம்.