மண்ணைப் பறக்கவிட்ட கலப்பை

உழவு என்றாலே நன்மைதான் என்று நினைக்கிறோம். உழுதால் களை போகும், மண் இளகும், விதை நன்றாக முளைக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் உழுத உழவே ஒரு பெரிய நிலப்பரப்பின் மண்ணைக் காற்றில் பறக்கவிட்ட கதையும் வரலாற்றில் உண்டு! அது நடந்தது 1930-களில், அமெரிக்காவில்.

கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் ஒன்றையொன்று நெருங்கும் பகுதி ஒரு காலத்தில் முழுவதும் புல்வெளி. அங்கே மழை குறைவு, காற்று அதிகம். அப்படியும் மண் அசையவில்லை. புல்லின் அடர்ந்த வேர்கள் மண்ணை இறுகப் பிடித்து வைத்திருந்ததே காரணம்.

1862-ஆம் ஆண்டு வந்த சட்டம், குடியேறி விவசாயம் செய்பவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. நிலத்தை உழுதால் மழை தானாகப் பின்னால் வரும் என்றுகூட அந்த நாளில் பலர் நம்பினார்கள். ஆனால் குதிரை பூட்டிய கலப்பையால் ஒரு நாளில் எவ்வளவு உழ முடியும்? குதிரைக்குத் தீனி வேண்டும், ஓய்வு வேண்டும்.

முதல் உலகப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. 1917-ல் ஃபோர்ட்சன் டிராக்டரும், 1924-ல் ஃபார்மால் டிராக்டரும் வந்தன. டிராக்டருக்கு ஓய்வு தேவையில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு இரவிலும் உழுதார்கள். அதன் பின்னால் கட்டி இழுத்தது 'ஒன்-வே' எனப்படும் ஒருவகைச் சட்டிக் கலப்பை. வட்டத் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கமாக மண்ணைப் புரட்டும். வேலை வேகமாக முடியும். ஆனால் தாள்களை நறுக்கி, மேல்மண்ணைப் பொடிப்பொடியாக்கிவிடும். காற்றுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

போர் முடிந்தபின் கோதுமை விலை சரிந்தது. விலை குறைந்தால் உழவும் குறைய வேண்டும் அல்லவா? நடந்ததோ தலைகீழ். டிராக்டர் வாங்கிய கடன் இருந்தது. வருமானம் குறையக் குறைய, ஈடுகட்ட இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். 1931-ல் அமோக விளைச்சல், ஆனால் விலை படுவீழ்ச்சி. பலர் நிலத்தை உழுதபடியே போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தது வறட்சி.

புல்லும் இல்லை, பயிரும் இல்லை. வெறும் பொடி மண்தான் மிச்சம். 1934 மே மாதம் எழுந்த புழுதி நியூயார்க், வாஷிங்டன் வரை சென்றது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பகலையே இருட்டாக்கிய புழுதிப் புயல் வீசியது. அந்த நாளுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். புழுதியைச் சுவாசித்து நிமோனியாவால் இறந்தவர்கள் பலர். சமவெளி மாநிலங்களிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் வெளியேறினார்கள்.

அப்படியானால் டிராக்டர்தான் குற்றவாளியா? முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. வறட்சி அங்கே முன்பும் வந்திருக்கிறது. புல் இருந்தவரை நிலம் தாங்கியது. பல தலைமுறைகளில் நடந்திருக்க வேண்டிய மாற்றத்தை டிராக்டர் சில ஆண்டுகளில் முடித்துவிட்டது. தவறை உணர அவகாசமே இல்லை!

1935 ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்டவர் ஹ்யூ ஹேமண்ட் பென்னட் என்ற மண்ணியல் அறிஞர். சரிவுக்குக் குறுக்காக உழுவது, பட்டை பட்டையாகப் பயிர் மாற்றுவது, அறுவடைத் தாளை வயலிலேயே விடுவது ஆகிய முறைகள் பரவின. 1934 முதல் 1942 வரை சுமார் 22 கோடி மரங்கள் காற்றுத் தடுப்பாக நடப்பட்டன.

கலப்பையும் மாறியது. ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஃபிரெட் ஹோம் என்ற விவசாயி, மண்ணைப் புரட்டாமல் கீறி மட்டும் விடும் உளிக்கலப்பையை 1930-களில் உருவாக்கினார். மேலே தாள் அப்படியே கிடக்கும், மழைநீர் கீழே இறங்கும். இன்று தமிழ்நாட்டில் அடிமண் இறுக்கத்தை உடைக்கப் பயன்படும் உளிக்கலப்பையும் அதே வகைதான்.

அந்த விவசாயிகள் டிராக்டரைக் கைவிடவில்லை. அதன் பின்னால் எந்தக் கலப்பையைக் கட்டுவது, எந்த நிலத்தை உழாமல் விடுவது என்று யோசிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலைதான் மிக அதிகம்.