வாயிற்காவலும் கணக்கேடும்

ஆளறிந்து உள்ளே விடுதல் ஒரு வேலை. உள்ளே சென்றவர் செய்ததைக் குறித்து வைத்தல் மற்றொரு வேலை. கணினிக் கூடங்களில் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியாகவே நடந்து வந்தன. காவலன் கணக்கேட்டைப் பாரான். கணக்கெழுதுபவன் வாயிலைப் பாரான். இவ்விடைவெளியில் புகுந்த கேடு 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரையே வந்தடைந்தது. ஆயினும் இவ்வரலாறு தொடங்குவது அமெரிக்காவில்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர்தம் குழுவினரும், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை 1961ஆம் ஆண்டு நவம்பரில் செய்து காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்கும் பொருட்டு அம்முறையில் கடவுச்சொல் புகுத்தப்பெற்றது. கணினி நேரமும் ஆளுக்கு இவ்வளவென அளந்து கொடுக்கப்பட்டது. தமக்குக் கிடைத்த வாரம் 4 மணி நேரம் போதாதெனக் கண்ட ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் 1962இல் ஒரு சூழ்ச்சி செய்தார். எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கணினியிடம் கேட்டார். கணினியும் மறுக்காமல் தந்துவிட்டது! பின்னர் அவர் பிறர் பெயரில் நுழைந்தார். கணக்கும் பிறர் பெயரிலேயே ஏறிற்று. ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழிந்தபின் அவரே வாய் திறந்து சொன்னார்.

திருடிய பெயரோடு வருபவனை வாயிற்காவலால் தடுக்க இயலாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் தம் அறிக்கையில் இதற்கொரு வழி கூறினார். வேடமிட்டு வருபவனின் பெயர் சரியாகவே இருக்கும். அவன் நடத்தையோ வேறாக இருக்கும். ஆதலின் கணக்கேட்டைப் படித்தே அவனைக் கண்டுகொள்ளல் வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்டு 1985இல் திருத்திப் பதிப்பித்த ஆரஞ்சு நிற அட்டை நூலும், ஆளறிதலையும் கணக்குப் பதிவையும் பொறுப்புடைமை என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தது. நூலில் ஒன்றுசேர்ந்தவை நடைமுறையில் அவ்வளவு எளிதில் சேரவில்லை.

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் 75 காசு கணக்கில் இடித்தது. கணினியோடு வந்த கணக்குமுறை ஒன்று. ஆய்வுக்கூடத்தார் தாமே எழுதிக்கொண்ட கணக்குமுறை மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் வானியல் அறிஞரிடம் இச்சில்லறை வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆராய்ந்தபோது, பணம் செலுத்த வேண்டியவர் யாரென்ற குறிப்பே இல்லாத ஒரு புதிய பயனர் பெயர் வெளிப்பட்டது. உள்ளே விடப்பட்டவர் பட்டியலில் அப்பெயர் உண்டு. கட்டணப் பட்டியலில் இல்லை. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததனாலேயே திருட்டு தெரிந்தது. ஓர் ஏடு மட்டும் இருந்திருப்பின் 75 காசை எழுதித் தள்ளிவிட்டிருப்பர்.

ஸ்டோல் அத்துடன் நிற்கவில்லை. உள்வரும் 50 இணைப்புகளிலும் இரவல் வாங்கிய அச்சுப்பொறிகளை மாட்டினார். அவை கணினிக்குப் புறத்தே நின்றமையால் வந்தவன் அவற்றை அறிந்தானில்லை. ஒவ்வொரு வருகையையும் குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதினார். பல வாரக் குறிப்புகளைச் சேர்த்து நோக்கியபோது, வருகைகள் பெரும்பாலும் கலிபோர்னியாவின் நண்பகலைச் சுற்றியே அமைந்திருந்தன. இத்தகையோர் இரவில் விழித்திருந்து வேலை செய்பவர்கள் ஆயிற்றே! நண்பகலில் இவன் வருவானேன்? கலிபோர்னியாவில் நண்பகலாகும்போது ஐரோப்பாவில் இரவு தொடங்கியிருக்கும். முடிவில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்கஸ் ஹெஸ் என்பவர் பிடிபட்டார். ஏறத்தாழ 450 கணினிகளை நாடி, 30க்கு மேற்பட்டவற்றில் அவர் நுழைந்திருந்தார். திருடிய செய்திகள் சோவியத் உளவுத் துறைக்கு விற்கப்பட்டன.

வருகைப் பதிவேடு எழுதும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. ஒரு நாட்குறி ஒன்றும் சொல்லாது. மாத முடிவில் பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், ஒரே பிள்ளை திங்கட்கிழமைதோறும் வாராதது வெள்ளையாகத் தெரியும். இக்காலத்தில் கணினிக் கட்டமைப்பைப் பேணும் குழுக்கள் நாடுவதும் இதையே. நிலையான கடவுச்சொல்லுக்கு மாற்றாகச் சில மணி நேரமே செல்லுபடியாகும் சான்றை ஆளுக்கு ஆள் கொடுத்து, அவர் நுழைந்த இடம், நேரம், இட்ட கட்டளை யாவற்றையும் ஓரிடத்தில் திரட்டி, வரைபடமாகத் திரையில் காட்டுகின்றனர். பலர் ஒரே பெயரில் நுழையும் பழக்கம் ஒழியாவிடில் அவ்வரைபடம் வெறும் கோலமே.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். சிங்ஹெல்த் மருத்துவமனைகளின் கட்டமைப்பில் பகைவர் 2017 ஆகஸ்டிலேயே காலூன்றிவிட்டனர். அவர்கள் கைப்பற்றிய நிர்வாகி கணக்கொன்றின் கடவுச்சொல், கடவுச்சொல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே இரண்டோர் எழுத்து மாற்றி அமைத்தது. 2018 ஜூன் 11 முதல், தரவுத்தளத்தில் நுழைய முயன்று தோற்றவர்களின் தடங்கள் பதிவாயின; ஊழியர் சிலர் அவற்றைக் கண்டும் இருந்தனர். கண்டவற்றை ஒன்றுசேர்த்துப் பொருள் கொள்வார் இல்லை. ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களும், அவர்களுள் 1,60,000 பேருக்குக் கொடுத்த மருந்துகளின் குறிப்பும் களவு போயின. அந்நாள் பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அவற்றுள் அடக்கம். ஜூலை 4 அன்று தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கண்டு நிறுத்தினார். அவர் கண்ணுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எனினும் செய்தி மேலிடத்துக்கு எட்டியது ஜூலை 10ஆம் நாள். முறையிட்டால் வேலைப்பளு கூடுமென அஞ்சி இடையில் ஒருவர் தயங்கியதும் விசாரணையில் வெளிவந்தது.

ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரி 10 அன்று வெளியாயிற்று. அதில் 16 பரிந்துரைகள் உள்ளன. நிர்வாகிகளின் உயர்நிலைக் கணக்குகளுக்குக் கட்டுப்பாட்டை இறுக்குவதுடன் கண்காணிப்பையும் மிகுதிப்படுத்த வேண்டும் என்று அவற்றுள் ஒன்று, இரண்டையும் சேர்த்தே கூறுகிறது.